அணு அமரும் இடமும் காந்தம் பார்க்கும் திசையும்

வலிமையான நிலைக்காந்தம் என்ற பேச்சு எழுந்தாலே இரண்டு பெயர்கள் முன்னால் வந்து நிற்கும். ஒன்று சமாரியமும் கோபால்ட்டும் சேர்ந்தது. மற்றொன்று நியோடிமியம், இரும்பு, போரான் மூன்றும் சேர்ந்தது. சமாரியம், நியோடிமியம் இரண்டுமே அருமண் தனிமங்கள். அணு எண் 62, 60. வேதியியல் குணத்தில் கிட்டத்தட்ட உடன்பிறப்புகள். தாதுவிலிருந்து ஒன்றை மற்றொன்றிடமிருந்து பிரித்தெடுப்பதே பெரும்பாடு.

அப்படியானால் இருவரையும் இடம் மாற்றி உட்கார வைத்தால் என்ன? கோபால்ட்டுடன் நியோடிமியம், இரும்பு–போரானுடன் சமாரியம். செய்து பார்த்திருக்கிறார்கள். சேர்மங்கள் உருவாகின்றன. அணுக்களின் அடுக்கும் அப்படியேதான் இருக்கிறது. காந்தத்தன்மையும் குறையில்லாமல் இருக்கிறது. ஆனால் அவற்றிலிருந்து நல்ல நிலைக்காந்தம் மட்டும் வருவதில்லை.

இந்த ஒரு புதிரை அவிழ்த்துவிட்டால் அருமண் சேர்மங்களின் படிக அமைப்பும் காந்த அமைப்பும் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்பது பெரும்பாலும் புரிந்துவிடும். அதனால் அதையே பிடித்துக்கொண்டு போவோம்.

கலவை வேறு, சேர்மம் வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு உலோகங்களை உருக்கிச் சேர்த்தால் எல்லாமே உலோகக்கலவை என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். சாதாரணப் பித்தளையில் செம்பு அணுக்களின் இருக்கைகளில் துத்தநாக அணுக்கள் ஆங்காங்கே போய் உட்கார்ந்திருக்கும். எந்த இருக்கையில் யார் என்ற கணக்கு கிடையாது. துத்தநாகத்தைக் கொஞ்சம் கூட்டலாம், குறைக்கலாம்.

இடையுலோகச் சேர்மத்தில் அது நடக்காது. அங்கே ஒவ்வொரு அணுவுக்கும் ஒதுக்கப்பட்ட இருக்கை உண்டு. அதனால் விகிதமும் நிலையானது. ஒரு சமாரியத்துக்கு ஐந்து கோபால்ட் என்றால் ஐந்துதான். காரணம் பெரும்பாலும் உருவ அளவு. அருமண் அணுவின் ஆரம் சுமார் 0.18 நானோமீட்டர், இரும்பு, கோபால்ட், நிக்கல் அணுக்களின் ஆரம் சுமார் 0.125 நானோமீட்டர். இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது ஒருவர் இருக்கையில் மற்றவர் உட்கார முடியாது. பெரிய அணுவுக்குப் பெரிய குழியும், அதைச் சூழச் சின்ன அணுக்களின் கூடும் என்று ஒரு ஒழுங்கு தானாக அமைகிறது. இந்த ஒழுங்கின் இன்னொரு விளைவை இந்தக் காந்தங்களைக் கீழே போட்டவர்கள் அறிவார்கள். உலோகம் போல நசுங்காமல் பீங்கான் போலச் சிதறும்.

1:5 என்ற வீடு

இத்துறையில் இருப்பவர்கள் சேர்மங்களை அவற்றின் விகிதத்தாலேயே அழைப்பார்கள். 1:5, 2:17, 2:14:1 என்று. இவற்றில் எளிமையானது 1:5. இந்த அமைப்பு கால்சியம்–செம்புச் சேர்மம் ஒன்றின் பெயரால் குறிக்கப்படுகிறது. அலகுக்கூட்டில், அதாவது திரும்பத் திரும்ப அடுக்கினால் முழுப் படிகமாகும் சிறு பெட்டியில், மொத்தமே 6 அணுக்கள்தான் என்பதால் தாளில் வரைந்துகூடப் பார்த்துவிடலாம்.

ஒரு தளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் கோபால்ட் அணுக்கள் அறுங்கோண வலையாக இருக்கின்றன. ஒவ்வொரு அறுங்கோணத்தின் நடுவிலும் ஒரு சமாரியம். இந்தத் தளத்தில் ஒரு சமாரியத்துக்கு இரண்டு கோபால்ட். அதன் மேல் அடுத்த தளம். அதில் சமாரியமே இல்லை. கோபால்ட் அணுக்கள் கூடைப் பின்னலைப் போல அறுங்கோணமும் முக்கோணமும் மாறிமாறி வரும்படி அமைந்திருக்கின்றன. அங்கே மூன்று கோபால்ட். இரண்டும் மூன்றும் ஐந்து. இந்த இரு தளங்களும் மாறிமாறி அடுக்கப்படுகின்றன. அடுக்கும் திசைக்குச் 'சி அச்சு' என்று பெயர். இந்தப் பெயர் பிறகு திரும்பத் திரும்ப வரும்.

இப்போது சமாரியம் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் நின்று சுற்றிப் பாருங்கள். பக்கவாட்டில் ஆறு கோபால்ட் அணுக்கள், சுமார் 0.29 நானோமீட்டர் தூரத்தில், நெருக்கமாக. மேலேயும் கீழேயும் ஆறு ஆறு கோபால்ட் கொண்ட வளையங்கள். ஆனால் அந்த வளையங்களின் நடுப்பகுதி காலி. அந்தத் துளை வழியே நேராக மேலே பார்த்தால் அடுத்த சமாரியம்தான் தெரியும், அதுவும் 0.40 நானோமீட்டருக்கு அப்பால். பக்கவாட்டில் நெரிசல், மேலும் கீழும் திறப்பு. உயரமான, ஒடுங்கிய அறை. கதையின் பாதி இந்த அறையின் வடிவத்தில் இருக்கிறது.

இதே வீட்டில் லாந்தனத்தையும் நிக்கலையும் குடியேற்றினால் காந்தமே இருக்காது. ஆனால் அந்தச் சேர்மம் ஹைட்ரஜனை உறிஞ்சிக்கொள்கிறது: ஒரு லாந்தனத்துக்கு ஆறு ஹைட்ரஜன் அணுக்கள் வரை உள்ளே போய்விடும், படிகத்தின் கன அளவு ஏறக்குறைய கால் பங்கு கூடிவிடும். 1960களின் இறுதியில் நெதர்லாந்தின் ஃபிலிப்ஸ் ஆய்வகத்தில் தெரியவந்த இந்தக் குணம்தான் பின்னால் நிக்கல்–உலோக ஹைட்ரைடு மின்கலமாக வளர்ந்தது. வீடு ஒன்றுதான், குடியிருப்பவர் மாறினால் தொழில் மாறுகிறது.

உள்ளே ஒளிந்திருக்கும் எலக்ட்ரான்கள்

இந்தச் சேர்மங்களில் இரண்டு வகைக் காந்தங்கள் ஒரே கூரையின் கீழ் வாழ்கின்றன. இரும்பு, கோபால்ட்டின் காந்தத்தன்மை 3டி எலக்ட்ரான்களிலிருந்து வருகிறது (3டி, 4எஃப் என்பவை அணுவின் எலக்ட்ரான் கூடுகளின் பெயர்கள்). அவை அணுவின் வெளிப்புறத்தில் இருப்பவை. பக்கத்து அணுவின் எலக்ட்ரான்களோடு நேராகக் கலந்து உறவாடுபவை. அதனால் அவற்றின் ஒற்றுமை எளிதில் குலையாது. இரும்பைக் காந்தத்தன்மை இழக்கச் செய்ய 1043 கெல்வின் வரை சூடாக்க வேண்டும். கோபால்ட்டுக்கு 1388 கெல்வின். இந்த எல்லைக்குத்தான் கியூரி வெப்பநிலை என்று பெயர். ஆனால் ஓர் அணுவின் பங்கு என்று பார்த்தால் பெரிதில்லை. அணுவின் காந்த வலுவை, அதாவது காந்தத் திருப்புத்திறனை, போர் மேக்னட்டான் என்ற அலகில் அளந்தால் இரும்பு அணுவுக்கு 2.2, கோபால்ட்டுக்கு 1.7.

அருமண் தனிமங்களின் 4எஃப் எலக்ட்ரான்கள் நேர் எதிர். அவை 5எஸ், 5பி கூடுகளுக்கு உள்ளே மறைந்திருக்கின்றன. அக்கம்பக்கத்து அணுக்களைத் தொடுவதே இல்லை. தொடாததால் வேதிப் பிணைப்பிலும் அதிகம் தலையிடுவதில்லை. லாந்தனைடுகள் எனப்படும் இந்த அருமண்கள் எல்லாம் வேதியியலில் ஒன்றுபோல இருப்பதற்குக் காரணம் இதுதான். அதேசமயம் தொந்தரவு இல்லாததால் அவற்றின் காந்தத்தன்மை முழுசாகப் பிழைத்திருக்கிறது. டிஸ்ப்ரோசியம், ஹோல்மியம் அணுக்களின் திருப்புத்திறன் 10. இரும்பைப் போல நான்கு மடங்குக்கும் மேல்.

பிரச்சினை, தொட்டுக்கொள்ளாதவர்கள் எப்படி ஒரே திசையில் நிற்க ஒத்துக்கொள்வார்கள் என்பது. இடையில் தூது போவது உலோகத்தில் உலவும் கடத்தல் எலக்ட்ரான்கள். ஓர் அருமண் அணு தன் அருகே வரும் கடத்தல் எலக்ட்ரான்களின் தற்சுழற்சியை, அதாவது எலக்ட்ரானைச் சிறு காந்தமாக்கும் குணத்தை, சற்றுத் திருப்பிவிடுகிறது. அந்தத் திருப்பம் குளத்து அலைபோல ஏறியிறங்கிப் பரவி அடுத்த அணுவை எட்டுகிறது. 1954 முதல் 1957 வரையிலான ஆண்டுகளில் ரூடர்மன், கிட்டல், கசூயா, யோசிடா என்ற நால்வரின் கணக்குகளால் தெளிவான செய்தி இது. அலை என்பதால், தூரத்தைப் பொறுத்துச் 'என்னோடு சேர்ந்து நில்' என்றும் சொல்லும், 'எதிராக நில்' என்றும் சொல்லும். இரண்டுக்கும் இடையே மாட்டிக்கொள்ளும் உலோகங்களில் வியப்பான ஒழுங்குகள் பிறக்கின்றன. டிஸ்ப்ரோசியத்தில் 179 கெல்வினுக்கும் 85 கெல்வினுக்கும் இடையில் காந்தத் திசைகள் அடுக்குக்கு அடுக்கு ஒரு குறிப்பிட்ட கோணம் திரும்பிச் சுழற்படிக்கட்டுபோல ஏறுகின்றன. அதற்குக் கீழே குளிர்வித்தால்தான் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கின்றன. தூது மூலம் வரும் உறவு என்பதால் வலு குறைவு. அருமண் உலோகங்களிலேயே உயர்ந்த கியூரி வெப்பநிலை கடோலினியத்துக்கு. அதுவே 293 கெல்வின், அதாவது 20 டிகிரி செல்சியஸ்தான்.

ஆக, தனியாக இருந்தால் இருவருக்கும் குறை உண்டு. சேர்த்தால்? இரும்போ கோபால்ட்டோ வெப்பத்தைத் தாங்கும் உறுதியைக் கொடுக்கும். அருமண் அதன் பெரிய திருப்புத்திறனைக் கொடுக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் சமாரியத்தின் திருப்புத்திறன் வெறும் 0.7. ஐந்து கோபால்ட் அணுக்கள் சேர்ந்து எட்டுக்கு மேல் கொடுக்கும் இடத்தில் இது ஒரு பொருட்டே இல்லை. சமாரியத்தின் வேலை வேறு.

அந்த வேலைக்கு வருமுன் ஒரு சிறு விதி. 4எஃப் எலக்ட்ரான்களின் தற்சுழற்சியும் 3டி எலக்ட்ரான்களின் தற்சுழற்சியும் இந்தச் சேர்மங்களில் எப்போதும் ஒன்றுக்கொன்று எதிராகவே நிற்கும். ஆனால் அருமண் அணுவில் தற்சுழற்சி மட்டுமல்ல, எலக்ட்ரான் உட்கருவைச் சுற்றுவதால் வரும் பங்கும் பெரிது. 4எஃப் கூடு பாதிக்குக் குறைவாக நிரம்பிய இலேசான அருமண்களில் இந்தச் சுற்றுப் பங்கு தற்சுழற்சிக்கு எதிராக இருக்கும். நியோடிமியத்தில் அது தற்சுழற்சிப் பங்கை மிஞ்சிவிடுகிறது. எதிருக்கு எதிர் நேராகி, மொத்தக் காந்தம் இரும்போடு சேர்ந்து நிற்கிறது. பாதிக்கு மேல் நிரம்பிய கனமான அருமண்களில் இரண்டு பங்கும் ஒரே பக்கம். எனவே மொத்தக் காந்தம் இரும்புக்கு எதிர்ப்பக்கம். இதன் விலையை எண்ணில் பார்க்கலாம். 2:14:1 சேர்மத்தில் நியோடிமியம் இருந்தால் அறை வெப்பநிலையில் காந்தச் செறிவு சுமார் 1.6 டெஸ்லா. அதே இடத்தில் திருப்புத்திறன் மிகப் பெரிய டிஸ்ப்ரோசியத்தை வைத்தால் 0.7 டெஸ்லாவாகச் சரிகிறது. பலசாலி எதிரணியில் நின்று இழுக்கிறான்.

தட்டையும் நெட்டையும்

இப்போது புதிருக்கு வருவோம். நிலைக்காந்தத்துக்குக் காந்தம் நிறைய இருந்தால் மட்டும் போதாது. அது ஒரு திசையைப் பிடித்துக்கொண்டு, வெளியிலிருந்து எவ்வளவு எதிர்ப்புலம் வந்தாலும் திரும்ப மறுக்க வேண்டும். அதுவும் ஓர் அச்சாக இருக்க வேண்டும். ஒரு தளத்துக்குள் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சுழலலாம் என்றால் அதைத் திருப்பிவிடுவது எளிது.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வருகிறது? 4எஃப் எலக்ட்ரான் மேகத்தின் உருவத்திலிருந்து. அந்த மேகம் எல்லா அணுக்களிலும் உருண்டையாக இருப்பதில்லை. கடோலினியத்தில் ஏழு இடங்களில் ஏழு எலக்ட்ரான்கள் சமமாக நிரம்பியிருப்பதால் உருண்டை. நியோடிமியம், டெர்பியம், டிஸ்ப்ரோசியம் ஆகியவற்றில் வட்டுபோலத் தட்டையானது. சமாரியம், எர்பியம் ஆகியவற்றில் நீள்முட்டைபோல நெட்டையானது. அணுவின் காந்தமோ இந்த உருவத்தோடு பூட்டப்பட்டிருக்கிறது. தட்டை மேகத்தில் அது வட்டுக்குச் செங்குத்தாக, அச்சாணிபோல நிற்கும். நெட்டை மேகத்தில் நீளவாக்கிலேயே இருக்கும். காந்தத்தைத் திருப்ப வேண்டுமானால் மேகத்தையும் சேர்த்துத்தான் திருப்ப வேண்டும்.

சமாரியத்தின் அறை நினைவிருக்கிறதா? பக்கவாட்டில் நெரிசல், மேலும் கீழும் திறப்பு. நெட்டை மேகம் அதில் நிமிர்ந்துதான் நிற்கும். படுக்க வைத்தால் கோபால்ட் அணுக்களின் மேல் இடிக்கும். மேகம் நிமிர்ந்தால் காந்தமும் சி அச்சில் நிமிர்கிறது. கோபால்ட்டையும் அந்தத் திசையிலேயே இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. சமாரியத்தின் வேலை இதுதான்: படையைப் பெருக்குவது அல்ல, திசையைக் காப்பது.

இதே உயரமான அறையில் நியோடிமியத்தின் தட்டை மேகத்தை வையுங்கள். வட்டு செங்குத்தாகத்தான் நிற்க முடியும். வட்டு நின்றால் அதன் அச்சாணி படுத்துவிடும். காந்தம் சி அச்சை விட்டுத் தளத்தை நோக்கிச் சாய்கிறது. ஆனால் கோபால்ட்டுக்கும் சொந்த விருப்பம் உண்டு. 4எஃப் எலக்ட்ரானே இல்லாத இட்ரியத்தை இந்த வீட்டில் வைத்து 1966இல் அமெரிக்க விமானப்படை ஆய்வகத்தில் ஹோஃபரும் கார்ல் ஸ்ட்ர்னாட்டும் அளந்தபோது, கோபால்ட் அணுக்கள் தாமாகவே சி அச்சை விரும்புவது தெரிந்தது. எனவே நியோடிமியம்–கோபால்ட் 1:5இல் இழுபறி. வெப்பம் அதிகமானால் கோபால்ட் வெல்கிறது. குளிர்வித்துக்கொண்டே போனால் நியோடிமியத்தின் கை ஓங்கி, அறை வெப்பநிலைக்குக் கீழே காந்தம் படிப்படியாகச் சாய்ந்து தளத்தில் படுத்துவிடுகிறது. நமக்குக் காந்தம் தேவைப்படும் வெப்பநிலையிலேயே இருவரும் ஒருவரையொருவர் அடித்துப்போடுகிறார்கள். பிடிவாதம் மிஞ்சுவதில்லை.

மேகமும் அறையும் இவ்வளவு எளிய உருவங்கள் அல்ல. அருமண் அணுவின் சொந்த வெளி எலக்ட்ரான்கள் எந்தப் பக்கம் பரவியிருக்கின்றன என்பதும் கணக்கில் சேரும். ஆனால் விடை இந்தப் படத்தோடு ஒத்துப்போகிறது.

2:14:1 வீட்டில் நிலைமை தலைகீழ். அங்கே அறை அகன்றும் தாழ்ந்தும் இருப்பதுபோல நடந்துகொள்கிறது. நியோடிமியத்தின் வட்டு வசதியாகப் படுக்கிறது, அச்சாணி நிமிர்கிறது. சமாரியத்தின் நெட்டை மேகமோ படுத்தே ஆக வேண்டும். காந்தமும் தளத்தில் விழுகிறது. புதிருக்கு விடை அவ்வளவுதான்.

போரான் எதற்கு?

1978இல் அன்றைய ஜையரின் (இன்றைய காங்கோ) ஷாபா பகுதியில் நடந்த போரால் கோபால்ட் வரத்து குலைந்து விலை எகிறியது. கோபால்ட்டுக்குப் பதில் மலிவான இரும்பை வைக்கும் தேடல் தீவிரமானது. ஆனால் நியோடிமியத்துடனோ சமாரியத்துடனோ இரும்பு 1:5 என்ற வீட்டையே கட்டுவதில்லை. கிடைப்பது 2:17. இது 1:5இன் மகள் என்றே சொல்லலாம். மூன்று 1:5 கூறுகளை எடுங்கள்: மூன்று அருமண், பதினைந்து இரும்பு. அருமண் ஒன்றை வெளியேற்றி, அதன் இடத்தில் சி அச்சு வாக்கில் இரண்டு இரும்பு அணுக்களை இரட்டையாக நிறுத்துங்கள். மீதம் இரண்டு அருமண், பதினேழு இரும்பு. அந்த இரட்டையர் மிக நெருங்கி, சுமார் 0.24 நானோமீட்டரில் நிற்கிறார்கள். இரும்பு அணுக்கள் அவ்வளவு நெருங்கினால் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கவே விரும்பும். விளைவு, கியூரி வெப்பநிலை தாழ்ந்துபோகிறது; நியோடிமியம்–இரும்பு 2:17இல் அது சுமார் 330 கெல்வின்தான்.

சிறிதளவு போரான் இந்த முடிச்சை அவிழ்த்தது. ஜப்பானின் சுமிட்டோமோ நிறுவனத்தில் மசாட்டோ சகாவாவும், அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸில் ஜான் குரோட்டும் தனித்தனியே கண்டுபிடித்து 1983–84இல் அறிவித்தார்கள். போரான் அணு ஆறு இரும்பு அணுக்களின் பட்டகத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, அதுவரை இல்லாத ஒரு வீட்டைச் சாத்தியமாக்குகிறது. நாற்கோண அமைப்பு, ஓர் அலகுக்கூட்டில் 8 நியோடிமியம், 56 இரும்பு, 4 போரான் என 68 அணுக்கள். கியூரி வெப்பநிலை 585 கெல்வின்.

இந்த வீட்டிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 135 கெல்வினுக்குக் கீழே நியோடிமியத்தின் காந்தம் சி அச்சிலிருந்து சாயத் தொடங்கி, மிகக் குளிர்ந்த நிலையில் சுமார் 30 டிகிரி சாய்ந்துவிடும். நியோடிமியத்துக்குப் பதில் பிரசியோடிமியம் வைத்தால் இந்தச் சாய்வு இல்லை. எலக்ட்ரான்களைச் சுற்றவிட்டு எக்ஸ் கதிர் பெறும் சின்க்ரோட்ரான்களின் குளிர்வித்து இயக்கும் கருவிகளில் பிரசியோடிமியக் காந்தங்களைப் பயன்படுத்துவது இதனால்தான்.

இதையெல்லாம் எப்படிப் பார்த்தார்கள்? எக்ஸ் கதிர் எலக்ட்ரான்களைப் பார்க்கும். அணு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லும், ஆனால் நியோடிமியம் போன்ற பேரணுக்களின் பக்கத்தில் போரானை எளிதில் காட்டாது. நியூட்ரான் உட்கருவைப் பார்ப்பதால் போரான் தெரியும். அதற்கு மேல், நியூட்ரான் தானே ஒரு சிறு காந்தம். அணுக்களின் காந்தம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் அது உணர்ந்து சிதறும். அடுத்தடுத்த அணுக்கள் எதிரெதிராக நின்றால், காந்தத்தின் கண்ணுக்கு அலகுக்கூடு இரு மடங்காகிவிடும். எக்ஸ் கதிர்ப் பதிவில் இல்லாத புதிய முகடுகள் நியூட்ரான் சிதறல் பதிவில் தோன்றும். 1949இல் கிளிஃபர்ட் ஷல் மாங்கனீசு ஆக்சைடில் இப்படித்தான் எதிரெதிர்க் காந்த அமைப்பை முதன்முதலில் நேரில் காட்டினார். அருமண் சேர்மங்களில் ஒரு சங்கடம்: கடோலினியமும் சமாரியமும் நியூட்ரானை விழுங்கிவிடும். அதிகம் விழுங்காத ஐசோடோப்புகளைத் தேர்ந்து மாதிரி செய்ய வேண்டியிருக்கிறது.

மேகம் திரும்பினால் படிகம் நீளும்

அறையில் நெரிசலும் திறப்பும் இல்லாமல் நாலாபுறமும் ஏறக்குறைய சமமாக இருந்தால்? டெர்பியமும் இரும்பும் 1:2 விகிதத்தில் சேர்ந்தது அப்படிப்பட்ட கனசதுர வீடு. அங்கே மேகம் தனக்கேற்ப அறையையே வளைக்கிறது. காந்தப்புலத்தால் காந்தம் திரும்பும்போது தட்டை மேகமும் திரும்பிப் பக்கத்து அணுக்களைத் தள்ள, படிகம் ஒரு திசையில் நீள்கிறது. ஒரு பங்கு டெர்பியத்தோடு இரண்டு பங்குக்கு மேல் டிஸ்ப்ரோசியத்தைக் கலந்தால் திசைப் பிடிவாதங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன, நீட்சி மட்டும் மிஞ்சுகிறது. ஒரு மீட்டர் தண்டு ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் நீளும். அறை வெப்பநிலையில் காந்தத்தால் நீளும் பொருள்களில் இது மிகப் பெரிய நீட்சிகளில் ஒன்று. டெர்ஃபினால்–டி என்ற இந்தப் பொருளின் பெயரில் டெர்பியமும் இரும்பும், அதை உருவாக்கிய அமெரிக்கக் கடற்படை ஆய்வகமும், டிஸ்ப்ரோசியமும் ஒளிந்திருக்கின்றன. நீருக்கடியில் ஒலி எழுப்பும் சோனார் கருவிகளுக்காகப் பிறந்தது.

சமாரியம்–இரும்பு 2:17இல் நடந்த மாற்றம்தான் எனக்கு இவை எல்லாவற்றிலும் பிடித்தது. அந்தச் சேர்மத்தின் கியூரி வெப்பநிலை 390 கெல்வின் அளவில்தான், காந்தமும் தளத்தில் படுத்திருக்கும். 1990இல் டப்ளினின் டிரினிட்டி கல்லூரியில் மைக்கேல் கோயியும் ஹாங் சன்னும் அதன் தூளை நைட்ரஜன் வாயுவில் சூடாக்கினார்கள். நைட்ரஜன் அணுக்கள் உள்ளே நுழைந்து, ஒவ்வொரு சமாரியத்தையும் சுற்றி அதே தளத்தில் மூன்றாக அமர்ந்தன. படிகம் ஆறு சதவீத அளவு விரிந்தது. இரும்பு அணுக்களுக்கு இடையே தூரம் கூடியதால் கியூரி வெப்பநிலை 750 கெல்வினுக்கு எகிறியது. பக்கவாட்டில் நைட்ரஜன் வந்து நெருக்கியதால் சமாரியத்தின் நெட்டை மேகம் நிமிர்ந்தது. காந்தமும் தளத்திலிருந்து எழுந்து சி அச்சில் நின்றது. ஆனால் 600 டிகிரி செல்சியஸ் அளவுக்கு மேல் சூடாக்கினால் சேர்மம் சிதைந்துவிடும். அதனால் மற்றக் காந்தங்களைப்போல இதன் தூளை உயர்வெப்பத்தில் சுட்டுக் கட்டியாக்க முடிவதில்லை. பிளாஸ்டிக்கில் கலந்து வார்த்துத்தான் காந்தமாக்குகிறார்கள்.